விளையாட்டு வழங்கிகளில் சேவை மறுப்புத் தாக்குதலும் செயற்கைச் சுணக்கமும்

சேவை மறுப்புத் தாக்குதல் என்பது, ஒரு வழங்கியையோ அதற்குச் செல்லும் இணைய வழியையோ தேவையற்ற வேண்டுகோள்களால் நிரப்பி, உரிய பயனர்களுக்குச் சேவை கிட்டாதவாறு செய்வதாகும். பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் நிகழ்த்தப்படும்போது இது பரவல் சேவை மறுப்புத் தாக்குதல் எனப்படுகின்றது. செயற்கைச் சுணக்கம் என்பது, ஆட்டக்காரர் ஒருவர் தமது இணைப்பைத் தாமே வேண்டுமென்று தாமதப்படுத்தியோ துண்டித்தோ ஆட்டத்தில் ஆதாயம் தேடுவதாகும். ஆட்டக்காரர்கள் இரண்டின் விளைவையும் ‘லேக்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர்.

இவற்றைக் கண்டறிவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. தாக்கப்பட்ட ஆட்டக்காரர், மின்சாரம் போன வீட்டிலிருக்கும் ஆட்டக்காரர், தோல்வியைத் தவிர்க்கக் கம்பியைப் பிடுங்கிய ஆட்டக்காரர் ஆகிய மூவரும் வழங்கிக்கு ஒரே மாதிரியாகவே தெரிகின்றனர். மூவரிடமிருந்தும் பதில் வருவதில்லை. அந்த அமைதிக்கான காரணத்தை வழங்கியின் பதிவேட்டை மட்டும் வைத்து முடிவு செய்தால், குற்றமற்றவர் தண்டிக்கப்பட வாய்ப்புண்டு. இந்தியா தொடர்புடைய 2020ஆம் ஆண்டு இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

சுணக்கம் தோன்றும் விதம்

ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கின்றது. கல்பாக்கத்திலிருந்து மும்பையிலுள்ள வழங்கி ஒன்றுக்கு 1,300 கி.மீ. நீளமுள்ள கம்பி செல்வதாகக் கொண்டால், ஒரு செய்தி போய்த் திரும்ப 13 மில்லிநொடி ஆகும். இது இயற்பியல் விதிக்கும் கீழ் எல்லை. எந்தக் கருவியாலும் இதைக் குறைக்க இயலாது. இதன்மேல் வழியிலுள்ள திசைவிகளில் வரிசையில் நிற்கும் நேரம், வீட்டுக் கம்பியில்லா இணைப்பின் தாமதம், தொலைந்த பொட்டலங்களை மீண்டும் அனுப்பும் நேரம் ஆகியவை சேர்கின்றன. முதலாவது பெரும்பாலும் மாறாதது. மற்றவை நொடிக்கு நொடி மாறுபவை. எனவே சுணக்கத்தின் சராசரி அளவைவிட அதன் ஏற்ற இறக்கமே ஆய்வுக்கு அதிகம் பயன்படுகின்றது. எப்போதும் 200 மில்லிநொடிச் சுணக்கம் உள்ளவர் தொலைவில் வாழ்பவராக இருக்கலாம். 20க்கும் 900க்கும் இடையே தாவும் இணைப்பில்தான் ஏதோ நிகழ்ந்துகொண்டிருக்கின்றது.

சிறிய தாமதமும் ஆட்டத்தின் முடிவை மாற்றக்கூடும். ஆளுக்கு மூன்று நிமிடம் தரப்படும் மின்னல் வேகச் சதுரங்கத்தில் 40 நகர்வுகளிலும் 0.3 நொடி வீதம் இழப்பவர், மொத்தமுள்ள 180 நொடிகளில் 12 நொடிகளை யோசிக்காமலேயே இழக்கின்றார்.

இக்குறையைக் களைய 1990களிலேயே வழி காணப்பட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் சிலீட்டர் 1992இல் இணையச் சதுரங்க வழங்கியின் நிரல்களைத் திருத்தியமைத்தார்; 1995இல் அது ‘இன்டர்நெட் செஸ் கிளப்’ எனும் வணிக அமைப்பாயிற்று. நகர்வுக்கு ஆன நேரத்தை ஆட்டக்காரரின் கணினியிலேயே அளந்து வழங்கிக்கு அனுப்பும் ‘டைம்ஸ்டாம்ப்’ எனும் சிறு மென்பொருள் அங்கு பயன்பட்டது. அதே ஆண்டில் தன்னார்வலர்கள் தொடங்கிய கட்டற்ற வழங்கியில் ‘டைம்சீல்’ எனும் மென்பொருள் அதே பணியைச் செய்தது. லிசெஸ் போன்ற பிற்காலத் தளங்கள், இழந்த நேரத்தை ஒரு வரம்புக்குட்பட்டுத் திருப்பித் தருகின்றன. வரம்பின்றித் தந்தால், சுணக்கத்தைப் போலியாக உண்டாக்கி யோசிப்பதற்குக் கூடுதல் நேரம் பெறலாம் என்பதே அவ்வரம்பின் காரணம்.

2020 இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடு

கொரோனா பெருந்தொற்றால் நேரடி ஒலிம்பியாடு தள்ளிவைக்கப்பட்டபோது, பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, 2020 சூலை 25 முதல் ஆகஸ்ட் 30 வரை செஸ்.காம் தளத்தில் இணையவழி ஒலிம்பியாடை நடத்தியது. ஆட்டக்காரர்கள் தத்தம் இடங்களிலிருந்தே ஆடினர். ஆளுக்கு 15 நிமிடமும் நகர்வுக்கு 5 நொடிக் கூடுதலும் தரப்பட்டன. தம் இணைய இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பது போட்டியின் விதியாக இருந்தது.

ஆகஸ்ட் 28 அன்று காலிறுதியில் இந்தியாவும் அர்மேனியாவும் மோதின. முதற்சுற்றில் நிகால் சரினுக்கு எதிராக ஆடிய அர்மேனியாவின் ஐக் மார்ட்டிரோசியனின் இணைப்பு துண்டிக்கப்பட, அவர் நேரம் தீர்ந்து தோற்றார். இந்தியா 3.5–2.5 என வென்றது. அர்மேனியாவின் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அவ்வணி இரண்டாம் சுற்றை ஆடாமல் விலகியது.

இரண்டு நாட்களுக்குப் பின் இறுதிப் போட்டியில் நிலைமை தலைகீழாயிற்று. உருசியாவுக்கு எதிரான முதற்சுற்று 3–3 எனச் சமநிலையில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பும் அறுந்து, அவர்கள் நேரம் தீர்ந்து தோற்றனர். உருசியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியா மேல்முறையீடு செய்தது. செஸ்.காம் தந்த சான்றுகளோடு, இணையத் தடை குறித்துப் பிற இடங்களிலிருந்து திரட்டிய தகவல்களையும் மேல்முறையீட்டுக் குழு ஆராய்ந்தது. குழுவிடம் ஒருமித்த முடிவு எட்டப்படாத நிலையில், ஃபிடே தலைவர் அர்கதி துவர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கப் பதக்கம் வழங்க முடிவு செய்தார்.

இரண்டு நிகழ்வுகளிலும் வழங்கியின் பக்கத்தில் தெரிந்தது ஒன்றுதான்: ஆட்டக்காரரிடமிருந்து செய்தி வரவில்லை. இறுதிப் போட்டியை வேறுபடுத்திக் காட்டியது வெளியிலிருந்து கிடைத்த சான்றாகும். அன்று இந்திய நேரம் பிற்பகல் 3.30 மணியளவில் அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பு செயலிழந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்திற்குப் பின்னரே சீரடைந்தது. உலக இணையப் போக்குவரத்து அவ்வேளையில் 3.5 விழுக்காடு குறைந்ததாகக் கிளவுட்பிளேர் நிறுவனம் கணித்தது. உலகெங்கும் பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்திருந்ததால், தடை ஏற்பட்டதை எவரும் மறுக்க இயலவில்லை. காலிறுதியில் துண்டிக்கப்பட்டது தனியொருவரின் இணைப்பு. அதற்கு இத்தகைய வெளிச்சாட்சி இல்லை.

அத்தடையின் காரணம் இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. செஞ்சுரிலிங்க் அளித்த விளக்கத்தின்படி, பிழையான ‘ஃபுளோஸ்பெக்’ அறிவிப்பு ஒன்று அதன் திசைவிகள் ஒன்றோடொன்று வழித்தகவல் பரிமாறிக்கொள்வதைத் தடுத்துவிட்டது. ஃபுளோஸ்பெக் என்பது, குறிப்பிட்ட வகைப் பொட்டலங்களைத் தடுக்கும் விதியை வலையமைப்பின் எல்லாத் திசைவிகளுக்கும் ஒரே நேரத்தில் பரப்பும் வசதியாகும். சேவை மறுப்புத் தாக்குதல்களை விரைந்து தடுப்பதே அதன் முதன்மைப் பயன். தாக்குதலைத் தடுக்கும் கருவியே தவறாக இயங்கினால், விளைவு தாக்குதலைப் போன்றே அமைந்துவிடுகின்றது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

தாக்குதலைக் கண்டறிதல்

வழங்கி நிர்வாகிகள் பொதுவாகப் பின்வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு ஆராய்கின்றனர்.

1. பாதிக்கப்பட்டவர் எத்தனை பேர்? ஒருவர் மட்டும் எனில் சிக்கல் அவர் பக்கத்தில் இருக்கலாம். ஒரே இணையச் சேவை நிறுவனத்தின் பயனர்கள் அனைவரும் எனில் அந்நிறுவனத்தின் வழியில் பழுது இருக்கலாம். எல்லோரும் எனில் வழங்கியையோ அதன் நுழைவழியையோ சோதிக்க வேண்டும்.

2. உள்வரும் பொட்டலங்களின் எண்ணிக்கை வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது? இதற்கு வழக்கமான அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறும். செவ்வாய்க் காலையின் அளவை ஞாயிறு மாலைக்குப் பயன்படுத்த இயலாது. சராசரியை விட இடைநிலை அளவைக் கொள்வது நல்லது. பழைய தாக்குதல் ஒன்றின் பெரிய எண்கள் சராசரியை உயர்த்திவிடும்.

3. தொடங்கிய இணைப்புகள் நிறைவு பெறுகின்றனவா? டி.சி.பி. நெறிமுறையில் இணைப்பு மூன்று படிகளில் அமைகின்றது. முதற்படி மட்டும் பல்லாயிரம் முறை வந்து மூன்றாம் படி வராவிட்டால், அது முகவரியைப் போலியாக இட்டு அனுப்பிய வெள்ளமாக இருக்கக்கூடும்.

4. பொட்டலங்கள் எங்கிருந்து வருகின்றன? இயல்பான நாளில் பயனர்களின் முகவரிகள் ஓரளவு நிலையான பரவலைக் கொண்டிருக்கும். முகவரிகளின் பரவல் திடீரென மிக விரிவதும் மிகச் சுருங்குவதும் ஆராயத்தக்கவை.

5. வேண்டுகோளுக்குப் பொருந்தாத பதில்கள் வருகின்றனவா? பாதிக்கப்படுபவரின் முகவரியைப் போலியாக இட்டு மூன்றாம் கணினியிடம் சிறு கேள்வி கேட்டால், அதன் பெரிய பதில் பாதிக்கப்படுபவரிடம் செல்லும். இது எதிரொளிப்புத் தாக்குதல் எனப்படுகின்றது. பெயர் வழங்கிகள், நேர வழங்கிகள் மட்டுமன்றிக் குவேக் 3 போன்ற விளையாட்டுகளின் வழங்கிகளும் இவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளன.

கூட்ட நெரிசலைத் தாக்குதலிலிருந்து பிரித்தறிவது கடினம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், தொடர்வண்டித் தட்கல் முன்பதிவு தொடங்கும் வேளையிலும் இணையத்தளங்கள் திணறுவதைத் தமிழ்நாட்டு மாணவர்கள் அறிவர். அங்கு தாக்குபவர் எவருமில்லை. 2023 சனவரியில் செஸ்.காம் தளமும் இவ்வாறே திணறியது; ஒரே நாளில் ஒரு கோடிப் பேர் வந்ததே காரணம் என அத்தளம் அறிவித்தது. கூட்டமாக வரும் மனிதர்கள் உள்நுழைகின்றனர், பக்கங்களை வரிசையாகப் பார்க்கின்றனர், நகர்வுகளைச் செய்கின்றனர், நெரிசல் கண்டு சலித்து விலகுகின்றனர். தாக்கும் நிரல் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளை ஒரே சீராக அனுப்புகின்றது. வழங்கி திணறினாலும் குறைப்பதில்லை.

செயற்கைச் சுணக்கத்தைக் கண்டறிதல்

சுடுதல் வகை விளையாட்டுகளில் ‘லேக் சுவிட்ச்’ எனும் சிறு கருவி பயன்படுத்தப்படுவதுண்டு. இது ஆட்டக்காரரின் கணினியிலிருந்து வெளிச்செல்லும் பொட்டலங்களைச் சில நொடிகள் தடுத்து நிறுத்துகின்றது. அந்நேரத்தில் எதிராளிகளின் திரையில் அவர் உறைந்து நிற்கின்றார். தம் திரையில் அவர் நகர்ந்து சுடுகின்றார். தடை நீங்கியதும் எல்லாம் ஒரே வெடிப்பாக வந்து சேர்கின்றன.

இதனைக் கண்டறியப் பொட்டலங்களின் வரிசை எண்ணும் நேர முத்திரையும் உதவுகின்றன. கம்பி உண்மையில் பழுதுபட்டிருந்தால் பெரும்பாலும் இரு திசைகளிலும் தடை ஏற்படும். இடையிலுள்ள சில பொட்டலங்கள் தொலைந்தும் போகும். வெளிச்செல்வது மட்டும் நின்று, உள்வருவது தடையின்றிப் பெறப்பட்டு, பின்னர் ஒரு பொட்டலமும் தொலையாமல் ஒருங்கே வந்தால் ஐயம் எழுகின்றது. எனினும் வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போதும் இதையொத்த வடிவம் தோன்றும் என்பதால், ஒருமுறை நிகழ்ந்ததைச் சான்றாகக் கொள்வதில்லை.

சதுரங்கத்தில் துண்டிப்பு எந்த நிலையில் நிகழ்கின்றது என்பது ஆராயப்படுகின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒருவர் 40 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் 20இல் தோற்கும் நிலையில் இருந்தார் எனவும், 8 ஆட்டங்களில் இணைப்பு அறுந்தது எனவும், அந்த எட்டும் தோற்கும் நிலையிலிருந்த ஆட்டங்களே எனவும் கொள்வோம். துண்டிப்புக்கும் ஆட்ட நிலைக்கும் தொடர்பில்லை என்றால் இவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 610இல் ஒன்றுதான். இது வலுவான சான்றாகத் தோன்றும். ஆனால் வழங்கியில் இதே போன்று எட்டு முறை இணைப்பிழந்த 10,000 பேர் இருந்தால், அவர்களுள் சுமார் 16 பேர் எக்குற்றமும் செய்யாமலே தற்செயலாக இப்பட்டியலில் இடம்பெறுவர். அவர்களின் கணக்கைத் தானியங்கி நிரல் முடக்கினால், அது அநீதியாகும். ஆகவே புள்ளியியல் முடிவு யாரை மேலும் ஆராய வேண்டும் என்பதைச் சொல்லலாம்; தீர்ப்பை அதனிடம் விடலாகாது.

இவ்வநீதி எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. 2022 திசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் கடற்கரை ஊரிலிருந்து ஆடுபவரின் மின்சாரமும் இணைப்பும் அறுவது இயல்பு. பெருநகரில் இரண்டு இணைப்புகளும் மின்கலமும் வைத்திருப்பவரைக் காட்டிலும், ஒரே கைப்பேசியை நம்பி ஆடும் சிற்றூர் மாணவர் மீதே இவ்வகை ஐயம் அதிகம் விழும். கல்பாக்கத்தை ஒட்டியே சதுரங்கப்பட்டினம் எனும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஆடும் ஒரு சிறுமிக்கும் மாநகர் ஆட்டக்காரருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தும் முன், அவரவர் இணைப்பின் இயல்பான தன்மையை அளந்து வைத்திருப்பது தேவையாகின்றது.

ஆட்டக்காரரைக் குறிவைக்கும் தாக்குதல்

வழங்கியைத் தாக்காமல், எதிராளியின் வீட்டு இணைப்பை மட்டும் தாக்குவதும் உண்டு. வீட்டு இணைப்பை நிரப்பச் சிறு வெள்ளமே போதும். வழங்கியின் பதிவேட்டில் இது எதிராளி தாமே விலகியதாகவே பதிவாகும். ‘தம் இணைப்புக்குத் தாமே பொறுப்பு’ எனும் விதி இங்கு பாதிக்கப்பட்டவருக்கே தண்டனை அளித்துவிடுகின்றது.

இத்தாக்குதலுக்கு எதிராளியின் இணைய முகவரி தெரிய வேண்டும். ஒரு காலத்தில் ஸ்கைப் வழியாக அதை எளிதில் அறிய முடிந்தது. 2016 சனவரியில் ஸ்கைப் முகவரிகளை இயல்பாகவே மறைக்கத் தொடங்கியது. வால்வ் நிறுவனம், ஆட்டப் பொட்டலங்களைத் தன் இடைநிலைக் கணினிகள் வழியாக அனுப்பி ஆட்டக்காரரின் முகவரியையும் வழங்கியின் முகவரியையும் மறைக்கும் அமைப்பை உருவாக்கியது. சென்னையிலும் மும்பையிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன.

பிற நிகழ்வுகள்

2016இல் பெரும் சேதம் விளைவித்த மிராய் எனும் தீநிரல், கண்காணிப்புப் படக்கருவிகள், வீட்டுத் திசைவிகள் ஆகியவற்றைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. அதை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 திசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மைன்கிராஃப்ட் விளையாட்டு வழங்கிகளைச் சுற்றிய வணிகப் போட்டி அதன் பின்னணியில் இருந்தது. அதன் நிரல் பொதுவெளியில் விடப்பட்ட பின், 2016 அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் பெயர் வழங்கிகள் அதைக் கொண்டு தாக்கப்பட்டு, பல முன்னணித் தளங்கள் முடங்கின.

2024 பிப்ரவரி இறுதியில் தென்கொரியாவின் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் தொடர் இத்தகைய தாக்குதல்களால் பலமுறை நிறுத்தப்பட்டது. அதன்பின் சில ஆட்டங்கள் பார்வையாளரின்றி நடத்தப்பட்டு, பதிவு செய்து பின்னர் ஒளிபரப்பப்பட்டன.

மாமல்லபுரமும் கல்பாக்கமும்

44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 சூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்றது. பொதுப் பிரிவில் உசுபெக்கித்தான் தங்கமும் அர்மேனியா வெள்ளியும் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலமும் பெற்றன. நிகால் சரின் அவ்வணியில் ஆடினார். அங்கும் நகர்வுகள் இணையம் வழியே உலகெங்கும் ஒளிபரப்பாயின. ஆயினும் கடிகாரம் மேசைமேல் இருந்தது. இணையம் அறுந்திருந்தால் பார்வையாளர்கள் ஆட்டத்தைக் காண இயலாமற் போயிருக்கும். ஆட்டத்தின் முடிவு மாறியிருக்காது. நேரத்தைக் கணக்கிடும் பொறுப்பு வலையமைப்பிடம் விடப்படும்போதுதான் தாக்குதலுக்குப் பரிசு உண்டாகின்றது.

மாமல்லபுரத்திற்குச் சுமார் 15 கி.மீ. தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையம் போன்ற இடங்களில் இதே கேள்விக்கு வேறு விடை காணப்பட்டுள்ளது. இந்தியாவின் அழுத்தக் கனநீர் உலைகளில் பாதுகாப்பு அளவீடுகள் மூன்று தனித்தனி வழிகளில் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு ஒத்து ஆபத்தைக் காட்டினால் உலை தானாகவே நின்றுவிடும். ஒரு கருவியின் பழுது உலையை வீணாக நிறுத்துவதில்லை. ஒரு கருவியின் அமைதி ஆபத்தை மறைப்பதுமில்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நீரேற்று நிலையத்தில் கடல்நீர் உயர்ந்ததால் எக்கிகள் நின்றன; இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நிறுத்துவதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டு வழங்கிகளுக்கும் இம்முறை பொருந்தும். ஒரே இடத்திலிருந்து அளக்காமல், வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பில் உள்ள மூன்று இடங்களிலிருந்து அளந்தால், பழுது யார் பக்கம் என்பதைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஐயம் எழும்போது கடிகாரத்தை இரு தரப்புக்கும் நிறுத்திவிட்டு, காரணத்தைப் பின்னர் ஆராயலாம். ஆனால் உலையை நிறுத்துவதால் எவரும் ஆட்டத்தில் வெல்வதில்லை. கடிகாரத்தை நிறுத்தும் வசதியோ, யோசிக்க நேரம் தேடுபவருக்குப் புதிய வழியாகிவிடும். ஆகையால் நிறுத்தங்களின் எண்ணிக்கைக்கு வரம்பும், முக்கியப் போட்டிகளில் நடுவரின் மேற்பார்வையும் தேவைப்படுகின்றன.

இந்தியச் சட்டமும் பதிவேடுகளும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, கணினியின் இயக்கத்தைக் குலைப்பதையும் உரியவருக்கு அணுக்கம் மறுப்பதையும் குறிப்பிடுகின்றது. நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் நோக்குடன் இவற்றைச் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாடகைக்குத் தாக்குதல் நடத்தித் தரும் தளங்களை விளையாட்டாகப் பயன்படுத்தும் மாணவர்களும் இப்பிரிவுக்கு உட்பட்டவர்களே.

இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு, 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், சேவை மறுப்புத் தாக்குதல் உள்ளிட்ட நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் எனவும், பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் எனவும், கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேர வழங்கிகளோடு ஒத்திசைக்க வேண்டும் எனவும் கூறியது. கடைசி நிபந்தனை சிறியதாகத் தோன்றினும் இன்றியமையாதது. இரு பதிவேடுகளின் கடிகாரங்கள் வேறுபட்டால், எந்தத் துண்டிப்பு எந்தத் தாக்குதலால் நேர்ந்தது என்பதை நிறுவ இயலாது.

2025 ஆகஸ்ட்டில் இயற்றப்பட்ட இணையவழி விளையாட்டு மேம்பாட்டு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்ததோடு மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. பரிசும் தரவரிசையும் சார்ந்த போட்டிகளில் இணைப்பு அறுந்தவரின் முறையீடு இதனால் மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. அத்தகைய முறையீடுகளைத் தீர்க்கப் போட்டி தொடங்குமுன்பே மூன்று ஏற்பாடுகள் தேவை: வழங்கிக்கு வெளியிலிருந்தும் எடுக்கப்படும் அளவீடு, ஒத்திசைந்த நேரத்துடன் கூடிய பதிவேடு, துண்டிப்பின் இழப்பை யார் ஏற்பது என்பதைக் கூறும் விதி. 2020 இறுதிப் போட்டியில் விதி இருந்தது. அளவீடோ, வேறு காரணங்களுக்காகப் பிறர் எடுத்து வைத்திருந்ததிலிருந்தே பெரும்பாலும் கிடைத்தது.